லெபெனே டீச்சரின் நான்கு கூண்டுகள்

அஃபெயி ஊர்த் தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கும் லெபெனேவுக்குத் தண்ணீர் என்றால் பயம். வோல்டா ஏரிக்கரையில், வலை போட்டுப் பிழைக்கிற குடும்பத்தில் பிறந்தவளுக்கு இப்படியொரு பயமா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஒன்பது வயதில் அப்பாவின் ஓடம் கவிழ்ந்துபோய், ஏரிக்குள் மூழ்கி நிற்கும் பட்டமரம் ஒன்றை மத்தியானம் வரை கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தவள் அவள். அதோடு சரி. எதிர்க்கரைச் சந்தைக்கு ஊரே ஓடத்தில் அரைமணி நேரத்தில் போய்விடும்; இவள் மட்டும் லாரியில் மூன்று மணி நேரம் சுற்றிக்கொண்டு போவாள்.

அவளைப் படிக்க வைத்தது அண்ணன் காமெலி. அப்பா போன பிறகு வலையை எடுத்தவன் அவன்தான். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கான கட்டணம் மூன்று வருஷமும் அந்த வலையிலிருந்துதான் வந்தது. ஒரு தவணைக்குப் பணம் போதாமல் ஓடத்தின் மோட்டாரை விற்றுவிட்டு, ஒரு வருஷம் துடுப்புப் போட்டே மீன் பிடித்தான். அதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் பின்னால் அவனுக்கு மறுப்புச் சொல்வது அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஏரியில் மீன் குறைந்துபோன காலத்தில்தான் கூண்டு மீன் வளர்ப்பு வந்தது. இரும்புக் குழாயைச் சதுரமாகத் திருகாணி போட்டு முடுக்கி, நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்களில் மிதக்கவிட்டு, உள்ளே வலையைத் தொங்கவிட்டால் அதுதான் கூண்டு. ஐயாயிரம் திலாப்பியாக் குஞ்சுகளை உள்ளே விட்டு, காலையும் மாலையும் தீனி போட்டால் ஆறாம் மாதம் பிடிக்கலாம். ஊர் வங்கி அதற்குக் கடன் கொடுக்க முன்வந்தது. ஒரே நிபந்தனை: அந்த வங்கி வழியாகவே மாதச் சம்பளம் வாங்குகிற ஒருவர் பிணை நிற்க வேண்டும்.

காமெலி தங்கையின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். வெண்டைக்காய்க் குழம்பில் அக்ப்ளே களியைத் தொட்டுச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டுத்தான் பேச்சை எடுத்தான்.

"லெபே, ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்குன்னு தெரியும். ஊரே சொல்லுது."

"யோசிக்கணும்னா யோசி."

"எஃபோ," அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், "நான் யோசிக்கறேன்னு சொன்னா நீ அடுத்த வாரம் இந்த வீட்டுக்கு வருவியா?"

காமெலி சிரித்தான். அவள் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

வங்கி மேலாளர் அஹியாபோர் தேவாலயப் பாடகர் குழுவில் அவளுக்கு நேர் பின்வரிசையில் நின்று கனத்த குரலில் பாடுகிறவர். பத்திரத்தை அவள் பக்கம் திருப்பி வைத்து, "டீச்சர், இது சும்மா ஒரு சடங்குதான்" என்றார். அதை அவர் நம்பித்தான் சொன்னார்.

முதல் இரண்டு அறுவடையும் நன்றாக வந்தன. காமெலி வீட்டுக்குத் தகரக் கூரை போட்டான். மனைவி அக்கோசிவா ஈஸ்டருக்கு லோமேயிலிருந்து வந்த விலையுயர்ந்த துணியில் ஆடை தைத்துக்கொண்டாள். வங்கியே ஆள் அனுப்பிக் கடனைக் கூட்டித் தந்தது. இரண்டு கூண்டுகள் நான்காயின. பிணைப் பத்திரத்திலும் புதிய தொகைக்கு லெபெனே மறுபடி கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை யாரும் அவள் வீட்டுக்கு வந்து உட்காரவில்லை. பள்ளிக்கூட இடைவேளையில் பத்திரம் வந்தது. நோட்டுத் திருத்துகிற சிவப்புப் பேனா கையில் இருந்ததால் வேறு பேனா தேடினாள், அவ்வளவுதான்.

மூன்றாம் வருஷம் சூடு அதிகமான ஒரு மாதத்தில் மீன்கள் மேலே வந்து மிதக்கத் தொடங்கின. கண் பிதுங்கி, உடம்பு கறுத்து, முதல் நாள் நாற்பது, மறுநாள் முந்நூறு. ஏரியின் மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கம் வரை எல்லாருடைய கூண்டிலும் இதே கதைதான். மீன்வளத்துறை ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் புதைக்கச் சொன்னார்கள். காமெலி கரையில் குழி வெட்டிப் பதினோரு நாள் புதைத்தான். புகைபோட்டு விற்கலாமே என்று கூடையோடு வந்த பெண்களை வெட்டுக்கத்தியைக் காட்டி விரட்டினான். அவன் சாப்பிடப் போன நேரத்தில் சிலர் தோண்டிக்கொண்டும் போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் அவன் ஏரிக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. ஓடிப்போகவும் இல்லை, குடிக்கவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் பழைய வலையை மடியில் போட்டுக்கொண்டு, கிழியாத இடத்தைப் பிரித்துப் பிரித்துத் திரும்பப் பின்னிக்கொண்டிருந்தான். யார் பேசினாலும் தலையாட்டினான்.

மாதக் கடைசியில் லெபெனே சம்பளம் எடுக்க வங்கிக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் அவள் முகத்தைப் பார்க்காமல் சீட்டை நகர்த்தினாள். பாதிச் சம்பளம்தான் இருந்தது.

"இது யாரோடது?" என்றாள் லெபெனே.

"உங்களோடதுதான் மேடம். மேலாளர் உள்ள இருக்கார்."

அஹியாபோர் நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார். கடன் தீர இப்படியே நாலு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றார். வேண்டுமானால் இன்னொரு வழி உண்டு. கூண்டுகள் நாலும் அப்படியே இருக்கின்றன. குஞ்சுக்கும் தீனிக்கும் வங்கி ஒரு சிறு கடன் தரும். ஆனால் காமெலியின் பேர் கெட்டுப்போய்விட்டது, அவள் பேரில்தான் தர முடியும். இரண்டு அறுவடை நன்றாக வந்தால் எல்லாம் அடைந்துவிடும்.

"எனக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்?"

"உங்க அப்பா யாரு டீச்சர்? ரத்தத்துல இருக்கும்."

"ரத்தத்துல பயம்தான் சார் இருக்கு."

ஆனாலும் கணக்கு அவளுக்குப் புரிந்தது. மகள் செனா விடுதியில் தங்கி மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். கணவர் எல்லைக்கு அப்பால் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். அதைப் பற்றி ஊரில் யாரும் அவளிடம் பேசுவதில்லை, அவரும் காசு அனுப்புவதில்லை. பாதிச் சம்பளத்தில் நாலு வருஷம் என்பது செனாவின் படிப்பை நிறுத்துவது. அவள் மூன்றாவது கையெழுத்தைப் போட்டாள்.

முதல் நாள் காலை ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறாமல் நின்றதை அக்கோசிவா பார்த்துவிட்டாள். துடுப்புப் போட்டது அக்கோசிவாதான்.

"கண்ணை மூடிக்கோ" என்றாள் அக்கோசிவா.

"மூடினா இன்னும் பயமா இருக்கு அண்ணி."

"அப்ப என் முதுகைப் பாரு. ஏரியை விடப் பெருசு, வேற எதுவும் தெரியாது."

லெபெனேவுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு வாந்தியும் வந்தது. கூண்டின் மேல் பலகையில் மண்டியிட்டு, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தீனியை இறைத்தாள். தண்ணீர் கொதிப்பது போல மீன்கள் மேலே வந்து தின்றன. நாலு கூண்டு முடித்துக் கரைக்கு வந்து, துணி மாற்றிக்கொண்டு, ஏழரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் மறுபடி ஓடம். ஞாயிற்றுக்கிழமையும் மீன் தின்னும், பண்டிகையிலும் தின்னும். ஒரு சாவுக்குப் போய் ஒருவேளை தங்க முடியாது. சொந்தச் சித்தியின் அடக்கத்துக்குப் போனவள், சவப்பெட்டியை இறக்குவதற்கு முன்பே கிளம்பி வந்ததை அந்தக் குடும்பம் இன்னும் மன்னிக்கவில்லை. பிள்ளைகள் அவளுக்குத் தெரியாமல் "மீன்மாவு மேடம்" என்று பேர் வைத்தார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் தீனி வாடை கையை விட்டுப் போகவில்லை.

குஞ்சு விட்ட மூன்றாவது மாதம், சம்பளத்தோடு மேற்படிப்பு விடுப்பு அனுமதித்து அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று வருஷமாக விண்ணப்பித்துக் காத்திருந்தது அது. கடலோரப் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம். முடித்து வந்தால் மேல்நிலைப் பள்ளியில் வேலை. தலைமையாசிரியர் வகுப்பறை வாசலிலேயே நின்று கடிதத்தை உரக்கப் படித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். லெபெனே கடிதத்தை மடித்துக்கொண்டு நேராக வங்கிக்குப் போனாள்.

அஹியாபோர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். எழுந்து நின்று கைகுலுக்கினார்.

"வங்கி தடுக்குமா சார்?"

"நாங்க ஏன் தடுக்கறோம்? சம்பளம் எங்கேருந்து வந்தாலும் இங்கதான் வரும், நாங்க பிடிச்சுக்குவோம். அதுல ஒரு பிரச்சினையும் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "மீனை யாரு பாப்பாங்க?"

அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மாமரத்தடியில் அவன் எதிரே தரையில் உட்கார்ந்து கடிதத்தைக் காட்டினாள். அவனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் முத்திரையைப் பார்த்ததும் என்னவென்று தெரிந்துகொண்டான்.

"எஃபோ, மூணு மாசம் மட்டும் பார்த்துக்கோ. அறுவடை வரைக்கும். அண்ணி கூட இருப்பா."

அவன் கடிதத்தை மடித்து அவளிடமே நீட்டினான். "கூண்டுகிட்டப் போனா அந்த நாத்தம் வருது லெபே" என்றான். "இப்பவும் வருது. நீ சொன்னேன்னு நாளைக்குப் போவேன். நாளன்னைக்குப் போக மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். என்னை நம்பிப் போகாதே."

அவள் அவன்மேல் கோபப்பட்டிருக்கலாம். கோபப்பட எங்கே நேரம், மூன்றரை ஆகிவிட்டது, தீனி போட வேண்டும். கடிதத்துக்குப் பதில் அனுப்ப முப்பது நாள் கெடு இருந்தது. அந்த முப்பது நாளும் கடிதம் அவள் கைப்பையில் இருந்தது. முப்பத்தொன்றாம் நாளும் இருந்தது.

அறுவடைக்கு டா ஆப்ரா வந்தாள். எதிர்க்கரைச் சந்தையில் மீன்காரிகளுக்கெல்லாம் தலைவி. அவள் சொல்வதுதான் விலை. ஐஸ் பெட்டிகளை ஏற்றிய வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு, இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூடையில் கொட்டிய மீனைக் கையாலேயே அளவு பார்த்துப் பிரித்தாள். பெரியது ஒன்றாம் நம்பர், அடுத்தது இரண்டு, அப்புறம் மூன்று. எல்லாவற்றிலும் சின்னதைச் சந்தையில் "பள்ளிக்கூடப் பசங்க" என்பார்கள். அந்தக் குவியல்தான் உயர்ந்துகொண்டே போனது.

"டீச்சர், உன் கூண்டுலயும் பள்ளிக்கூடப் பசங்கதான் நிறைய" என்றாள் டா ஆப்ரா. கூட வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லெபெனேவும் சிரிக்கப் பார்த்தாள்.

டா ஆப்ரா ஒரு மீனைத் தூக்கி வயிற்றை விரலால் அழுத்தினாள். குரல் மாறியது. "தீனியைக் குறைச்சுட்டியா?"

"கடைசி ரெண்டு மாசம் ஒருவேளைதான் போட்டேன்."

"ஏன்?"

"காசு இல்ல."

"கடன் வாங்கினியே, அது எங்க?"

அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் லெபெனேவுக்கு அது முழுசாக விளங்கியது. குஞ்சு விட்ட அடுத்த மாதமே வங்கி முதல் தவணையைப் பிடித்தது. அதற்கடுத்த மாதம் இரண்டாவது. மீன் விரல் நீளம்கூட வளரவில்லை, விற்க ஒன்றுமில்லை. தவணை போனது தீனிக்கென்று கொடுத்த கடனிலிருந்தும் அவளுடைய மீதிச் சம்பளத்திலிருந்தும்தான். வங்கி கொடுத்த தீனிக் காசை வங்கியே மாதாமாதம் திரும்ப எடுத்துக்கொண்டது. மீன் பட்டினி கிடந்து சிறுத்துப்போனது.

"அவங்களே தின்னுட்டாங்க" என்றாள்.

"யாரு, பாம்பா?"

"வங்கி."

டா ஆப்ரா வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் விலையில் ஒரு பைசா ஏற்றவில்லை. பண்டிகைக்கு எல்லாக் கூண்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் பிடிக்கிறார்கள், சந்தை நிரம்பி வழிகிறது, பாதிக் காசு இப்போது, பாதி விற்ற பிறகு. இஷ்டமில்லை என்றால் வைத்துக்கொள் என்றாள். வைத்துக்கொண்டால் தீனி போட வேண்டும். தீனி நாலு நாளைக்குத்தான் இருந்தது. லெபெனே மீனைக் கொடுத்தாள். மிச்சப் பாதிக் காசு வந்து சேர மூன்று மாதமானது.

அந்த வருஷம் வங்கியின் பொதுக்கூட்டம் தேவாலயத்துக்கு எதிர் மைதானத்தில் நடந்தது. பந்தல், பித்தளை வாத்தியம், வந்தவர்களுக்கெல்லாம் பொரித்த கோழியும் சோறும் பொட்டலமாக. ஊர் வங்கி என்பதால் பங்குதாரர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள்தான். வங்கி தொடங்கிய காலத்தில் அப்பா வாங்கிப்போட்ட கொஞ்சம் பங்கு லெபெனே பேரில் இருந்தது. எல்லா வருஷமும் அவள் பொட்டலத்துக்காகப் போவாள். இந்த வருஷம் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

தலைவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு லாபத்தை வாசித்து முடித்து, கேள்வி இருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டார். வழக்கம்போல யாரும் எழ மாட்டார்கள். லெபெனே எழுந்தாள்.

"தலைவர் ஐயா, திலாப்பியா வளர எத்தனை மாசம் ஆகும்?"

கூட்டம் சிரித்தது. "நாலாம் வகுப்புப் பாடமா டீச்சர்?" என்றார் தலைவர்.

"ஆமாங்க. என் வகுப்புப் பிள்ளைங்க சொல்லிடுவாங்க. ஆறு மாசம். ஆறு மாசத்துக்கு அப்புறம் காசு வர்ற தொழிலுக்குக் கடன் கொடுத்துட்டு, முதல் மாசமே தவணை கேட்டா அது எங்கேருந்து வரும்?"

"சம்பளக்காரங்க பிணை நிக்கறது அதுக்குத்தானேம்மா. இது வங்கி. தர்மசத்திரம் இல்ல."

மறுபடி சிரிப்பு. உட்கார்ந்துவிடலாம் என்றுதான் லெபெனே நினைத்தாள். ஆனால் முன்னால் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"பிணை நின்னது நான். என் சம்பளத்துல பாதியை ஒன்றரை வருஷமா நீங்க எடுக்கறீங்க. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, வெட்கமா இருந்துச்சு. இன்னைக்குச் சொல்றேன். இங்க என்னை மாதிரி வேற யாராவது இருக்கீங்களா?"

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. சுகாதார நிலையத்து மருத்துவச்சி எழுந்து நின்றாள், மச்சினனுக்குப் பிணை. அவளைத் தொடர்ந்து தபால் ஆபீஸ்காரர். அடுத்து, லெபெனேவோடு தினமும் ஒரே அறையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிற ஆறாம் வகுப்பு ஆசிரியர் எழுந்தார். வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு வருஷமாக வெறும் கேரி என்கிற மரவள்ளி மாவை ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தவர் அவர். மொத்தம் பதினான்கு பேர் நின்றார்கள். ஒருவரை ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். மேடை ஓரத்தில் அஹியாபோர் தலையைக் குனிந்துகொண்டு கோப்பைப் புரட்டினார். வாத்தியக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பாட்டைத் தொடங்கி நிறுத்தினார்கள்.

தலைவர், இதைக் குழுவில் பேசுகிறோம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார். மூன்று மாதம் கழித்து, ஞாயிறு ஆராதனை முடிந்து பாட்டுப் புத்தகத்தை மூடும்போது அஹியாபோர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"டீச்சர், தீர்மானம் வந்துடுச்சு. மீன் கடனுக்கு இனிமே ஏழாம் மாசம்தான் முதல் தவணை. பிணைக்காரங்க சம்பளத்துல கால் பாகத்துக்கு மேல பிடிக்கக் கூடாது. உங்களாலதான் வந்துச்சு. இதை நான் எங்கயும் சொல்லுவேன்."

"அப்ப இந்த மாசத்துலேருந்து எனக்கு—"

"இது புதுக் கடனுக்கு." அவர் அவளைப் பார்க்காமல் மேலங்கியைக் கழற்றி மடித்தார். "பழைய பத்திரம் பழைய விதிப்படிதான். நானும் கேட்டுப் பார்த்தேன். வேணும்னா ஒண்ணு செய்யலாம். புதுசா ஒரு கடன் எடுத்துப் பழசை அடைச்சுடுங்க. அப்ப புது விதி உங்களுக்கும் வந்துடும்."

"அது எத்தனை வருஷம்?"

"இன்னும் மூணு."

லெபெனே பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கெட்டவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே பாடகர் குழுவை விட்டிருப்பாள். "நாலாவது கையெழுத்து என்கிட்ட இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இரண்டு கூண்டுகளை விற்பதென்று முடிவு செய்தாள். மீதி இரண்டுக்குச் சம்பளத்தில் மிஞ்சுவதைக் கொண்டே தீனி வாங்கிவிடலாம். பிடித்தம் முடிய இன்னும் இருபத்திரண்டு மாதம். பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். வாங்க வந்தவன் பக்கத்து ஊர்க்காரன், பேர் ட்சாட்சு. புது விதியில் கடன் எடுத்திருந்தான். ஆறு மாசம் தவணை கிடையாது என்று அவனே அவளிடம் பெருமையாகச் சொன்னான். அந்த விதி எங்கிருந்து வந்ததென்று அவனுக்குத் தெரியாது. அக்கோசிவா சொல்ல வாயெடுத்தாள். லெபெனே கண்ணைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

கூண்டைப் பிரித்துக் கரைக்கு இழுக்க ஆள் வேண்டியிருந்தது. துருப்பிடித்த திருகாணிகளைக் கழற்றப் பெண்கள் இரண்டு பேரால் முடியவில்லை. அன்று காலை யாரும் கூப்பிடாமல் காமெலி ஸ்பானரை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தான். ஓடத்தில் ஏறினான். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, மத்தியானம் வரை திருகாணிகளைக் கழற்றினான். இரண்டு கூண்டும் கரை சேர்ந்ததும் துணியை அவிழ்த்துத் தண்ணீரில் அலசிப் பிழிந்தான். தங்கை ஏதாவது சொல்வாள் என்று நின்றான். அவள் ஸ்பானரைத் துடைத்து அவனிடம் நீட்டினாள். அவன் வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் வரவில்லை.

விற்ற காசில் செனாவின் கடைசித் தவணைக் கட்டணம் கட்டியாயிற்று. மேற்படிப்பு விடுப்புக்கு லெபெனே மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஒரு தடவை கிடைத்தும் போகாதவர்களின் பேரைப் பட்டியலின் அடியில்தான் போடுவார்களாம். இரண்டு பட்டியல் வந்துவிட்டது, அவள் பேர் இல்லை. வயது வரம்புக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

போன வாரம் ட்சாட்சு ஒரு பாட்டில் பழச்சாறோடு அவள் வீட்டுக்கு வந்தான். இன்னும் இரண்டு கூண்டு போட ஆசை, கடனைக் கூட்ட வேண்டும், ஒரு பிணைக் கையெழுத்து மட்டும் குறைகிறது என்றான். இப்போதெல்லாம் கால் பாகம்தானே பிடிப்பார்கள், பயமே இல்லை என்றான்.

"என் சம்பளத்துல பாதி ஏற்கெனவே தண்ணிக்குள்ள கிடக்குது தம்பி" என்றாள் லெபெனே. "கல்யாணம் ஆயிடுச்சா உனக்கு? அக்கா தங்கச்சி யாராவது டீச்சரா இருக்காங்களா?"

"ஒரு அக்கா இருக்கா மேடம். நர்ஸ்."

"அவகிட்டக் கேக்காதே" என்று சொல்லிவிட்டுப் பழச்சாற்றை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். மணி மூன்றரையைத் தாண்டியிருந்தது. அக்கோசிவா கரையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். லெபெனே தீனி மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.